தண்டர் திரும்ப ஜெயிக்குமா? ஏழு வருஷமா யாராலும் முடியலையே

மூணுபாயிண்டர் (சென்னை), 17 ஆகஸ்ட் 2025

அமெரிக்கக் கூடைப்பந்து லீக் என்பிஏவோட ஷெட்யூல் வந்தாச்சு. நடப்பு சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு அக்டோபர் 21, சொந்த ஊர்ல முதல் மேட்ச், ஹூஸ்டனோட. நமக்கு 22 விடியக்காலை. தண்டர் பசங்க சாம்பியன் மோதிரம் வாங்குற அன்னிக்கு எதிர்ல நிக்கப்போறது கெவின் டுராண்ட். 2016 வரைக்கும் அந்த ஊரோட செல்லப்பிள்ளை! ஷெட்யூல் போட்டவனுக்குக் குசும்பு ஜாஸ்தி.

சரி, விஷயத்துக்கு வரேன். 2018-ல கோல்டன் ஸ்டேட் ரெண்டாவது வருஷமா ஜெயிச்சதுதான் கடைசி. அப்புறம் டொராண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, மறுபடி கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், இப்ப ஓக்லஹோமா. ஏழு வருஷம், ஏழு டீம். என்பிஏ சரித்திரத்துலயே இப்படி நடந்ததில்லை.

காரணம் ஒண்ணுதான்னு நினைக்கிறேன்: காயம். 2019-ல கோல்டன் ஸ்டேட்ல இருந்த டுராண்டுக்கு அக்கிலீஸ் (குதிகால் நாண்), அடுத்த மேட்ச்லயே அதே டீம் கிளே தாம்சனுக்கு ஏசிஎல் (முழங்கால் லிகமென்ட்), டொராண்டோ கப்பைத் தூக்கிட்டுப் போச்சு. 2021-ல ஆண்டனி டேவிஸுக்குத் தொடை இடுக்கு, லேக்கர்ஸ் முதல் ரவுண்ட்லயே காலி. 2022-ல மில்வாக்கிக்கு மிடில்டன் முழங்கால். இந்த வருஷம் பாஸ்டனுக்கு டேட்டம். ஆளுங்க முழுசா இருந்தா சாம்பியன் திரும்ப ஜெயிப்பான், அவ்வளவுதான். தண்டர் பூரா சின்னப் பசங்க, அதனால 2026-ம் அவங்களுக்கே. மறுக்கிறவங்க வரலாம்.


பெஞ்ச்_பத்மநாபன் (பெங்களூரு), 17 ஆகஸ்ட்

வந்துவிட்டேன்.

பட்டியலில் உங்களுக்கு வசதியான வருஷங்கள் மட்டும் இருக்கின்றன. 2020-இல் டொராண்டோ ஏன் தோற்றது? கவாய் லெனர்ட் கோடையிலேயே கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். 2023-இல் கோல்டன் ஸ்டேட் ஏன் தோற்றது? சீசன் தொடங்கும் முன்பே பயிற்சியில் டிரேமண்ட் கிரீன் ஜோர்டன் பூலை முகத்தில் குத்தினார். அந்த வருஷம் வெளியூரில் 11 வெற்றி, 30 தோல்வி. எந்த டாக்டரும் அதற்கு மருந்து தரமுடியாது. 2024-இல் டென்வர், ஏழு மேட்சில் நாலு ஜெயிக்க வேண்டிய சீரிஸில், மினசோட்டாவிடம் ஏழாவது மேட்சில் 20 பாயிண்ட் முன்னிலையைத் தொலைத்தது. ஜமால் மர்ரேக்குக் கெண்டைக்கால் வலி இருந்தது உண்மை, ஆனால் அன்று அவர்தான் டீமிலேயே அதிகம் அடித்தவர்களில் ஒருவர்.

பாஸ்டன் கதைக்கும் வருகிறேன். டேட்டம் விழுந்தது நியூயார்க்குடன் நாலாவது மேட்சின் கடைசி நிமிஷங்களில். அதற்கு முன்பே சொந்த மைதானத்தில் முதல் இரண்டு மேட்சையும் தோற்றிருந்தார்கள். இரண்டிலும் 20 பாயிண்ட் முன்னிலை. முதல் மேட்சில் 60 மும்முனை (தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் ஷாட்) எறிந்து 45-ஐ வீணடித்தார்கள். டேட்டம் அன்று திடகாத்திரமாக நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் இல்லாத ஐந்தாவது மேட்சை 25 பாயிண்டில் ஜெயித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஸ்கார்பரோ சிவா (டொராண்டோ), 17 ஆகஸ்ட்

தம்பி மூணுபாயிண்டர், உந்த 2019 கதையை விடமாட்டியளோ? "டுராண்ட் விழுந்தார், டொராண்டோ தூக்கிக்கொண்டு போச்சுது" எண்டு எழுதினால் முடிஞ்சுதோ?

ஐஞ்சாவது மேட்சுக்கு டுராண்ட் வரேக்க நாங்கள் மூண்டுக்கு ஒண்டு எண்டு முன்னுக்கு நிண்டனாங்கள். அவர் 12 நிமிசம் விளையாடினவர், 11 பாயிண்ட் அடிச்சவர், அந்த மேட்ச் அவையள்தான் வெண்டவை, 106-105. அப்ப அவர் விழுந்ததால நாங்கள் எந்த மேட்சை வெண்டனாங்கள் எண்டு சொல்லுங்கோ பாப்பம். எங்கட பக்கம் அனுனோபிக்கு பிளேஆஃப் (சீசன் முடிய வாற நாக்அவுட் சுற்று) தொடங்கேக்க அப்பெண்டிக்ஸ் ஆப்பரேசன், ஒரு மேட்ச் கூட விளையாடேல்லை. அதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கவாய் மில்வாக்கியோட விளையாடேக்கயே நொண்டிக்கொண்டுதான் திரிஞ்சவர்.

அதோட, நீங்கள் பெருமையாச் சொல்லுற 2018? கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரா ஹூஸ்டன் மூண்டுக்கு ரெண்டு எண்டு முன்னுக்கு நிக்கேக்க கிறிஸ் போலுக்கு ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) போச்சுது. மிச்ச ரெண்டு மேட்சும் அவர் கோட் போட்டுக்கொண்டு பெஞ்சில. ஏழாவது மேட்சில ஹூஸ்டன் தொடர்ந்து 27 மும்முனை தவறவிட்டது. அதுக்கு ஆர் "இது முழு வெற்றி இல்லை" எண்டு நட்சத்திரக் குறி போடுறது?

ஒண்டு மட்டும் ஒத்துக்கொள்ளுறன். டுராண்ட் விழேக்க எங்கட சனம் கொஞ்சப்பேர் கைதட்டினது. லௌரியும் இபாக்காவும்தான் கையைக் காட்டி நிப்பாட்டினவை. அது எங்களுக்கு வெக்கம்தான்.


மூணுபாயிண்டர், 17 ஆகஸ்ட்

சிவா அண்ணா, கப்பு உங்களோடதுதான், யாரும் புடுங்கல :) நான் சொன்னது கோல்டன் ஸ்டேட் ஏன் மூணாவதை எடுக்கலங்கிறது மட்டும். ஆறாவது மேட்ச்ல கிளே 30 அடிச்சுட்டு விழுந்தார். ஏசிஎல் கிழிஞ்ச காலோட திரும்பி வந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ போட்டுட்டுப் போனார். அதுக்கப்புறம் அவர் கோர்ட்ல கால் வைக்க 941 நாள் ஆச்சு.


கோவை லெஃப்டி, 18 ஆகஸ்ட்

காயத்தைப் பத்திப் பேசறப்ப எல்லாரும் "விழுந்தாங்க, தோத்தாங்க"ன்னு முடிச்சுக்கறீங்க. விழுந்தவனை ஆட விடலாமா வேண்டாமாங்கறதுதானுங்க எனக்குப் பெரிய கேள்வி.

2000-ஐ எடுத்துக்குங்க. ஸ்பர்ஸ் நடப்பு சாம்பியன். பிளேஆஃப் தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி டிம் டங்கனுக்கு முழங்கால்ல மெனிஸ்கஸ் கிழிஞ்சிருச்சு. உட்கார வெச்சுட்டாங்க. பீனிக்ஸ் முதல் ரவுண்ட்லயே 3-1ன்னு வீட்டுக்கு அனுப்பிருச்சு. ரிபீட் அத்தோட போச்சுங்க. ஆனா அதே டங்கனை வெச்சு 2003, 2005, 2007, 2014ன்னு நாலு கோப்பை எடுத்தாங்க. அடுத்தடுத்த வருஷம் ஒருதடவை கூட எடுக்கலைங்க, அது அந்த டீமோட ஜாதகம். மொத்தம் அஞ்சு இருக்குதுல்ல?

இந்தப் பக்கம் இந்தியானா ஹாலிபர்ட்டன். இந்த வருஷம் தண்டரோட ஃபைனல்ஸ் அஞ்சாவது மேட்ச்ல கெண்டைக்கால் ஸ்ட்ரெயின். ஆறாவது ஆடுனாரு, இந்தியானா ஜெயிச்சுது. ஏழாவதுல முதல் குவார்ட்டர்லயே மூணு மும்முனை, 9 பாயிண்ட், அப்புறம் அக்கிலீஸ் அறுந்து, தரையை அடிச்சுட்டு அழுதாரு. இப்ப அடுத்த சீசன் முழுசும் இல்லைன்னு டீமே சொல்லிருச்சு. மறுபடி அதே நிலைமை வந்தாலும் ஆடுவேன்னு அவரு எழுதுனதைப் படிச்சேன். எனக்கு அவர் மேல கோவமே வரலைங்க. ஆனா பக்கத்துல இருந்த பெரியவங்க ஒருத்தராவது வேண்டாம்னு சொல்லியிருக்கணும்.


பிசியோ_மதி (மதுரை), 18 ஆகஸ்ட்

விளையாட்டு பிசியோவா வேலை பாக்குறேன், அதனால இது மட்டும். கெண்டைக்கால்ல காஸ்ட்ரோக்னீமியஸ், சோலியஸ்னு ரெண்டு தசை. ரெண்டும் கீழே சேர்ந்து குதிகால் எலும்புல போய் ஒட்டுற நாண்தான் அக்கிலீஸ். மேல தசை சரியா வேலை செய்யலைன்னா கீழ நாணுக்குப் போற பாரம் மாறும், அந்த அளவுக்குச் சம்பந்தம் இருக்கு. டுராண்ட், ஹாலிபர்ட்டன் ரெண்டு பேருக்கும் அதே வலது கால், முதல்ல கெண்டை, அப்புறம் அக்கிலீஸ்.

ஆனா கெண்டைச்சதை பிடிச்சவங்களுக்கெல்லாம் அக்கிலீஸ் அறுந்துடும்னு சொன்னா அது தப்பு. யானிஸுக்கு 2024 ஏப்ரல்ல சோலியஸ் ஸ்ட்ரெயின். மில்வாக்கி அவரை இந்தியானா சீரிஸ் முழுக்க உட்கார வெச்சுது, சீரிஸ் போச்சு, கால் தப்பிச்சுது. ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. டேட்டமுக்கு அந்த மாதிரி முன்கதையே வெளியில பேசப்படலை, சும்மா லூஸ் பாலுக்குப் பாய்ஞ்சார். வீடியோவைப் பாத்தீங்கன்னா டுராண்ட், ஹாலிபர்ட்டன், டேட்டம் மூணு பேரும் ஒரே மாதிரி: பின்னால இருக்குற காலை ஊன்றி முன்னாடி உந்துற நொடி. முழங்கால் நீளுது, குதிகால் கீழ அழுந்துது, நாண் ரெண்டு பக்கமும் இழுபடுது. பழைய தாம்புக்கயிறு அறுந்த நாள்லயா தேயுது? ஆனா அது எத்தனை நாளா தேஞ்சுதுன்னு ஸ்கேன் எடுத்தாலும் எப்பவும் தெரியாது.

இந்த ஒரு சீசன்ல ஏழு பேருக்கு அக்கிலீஸ். வைஸ்மன், ஐசயா ஜாக்சன், ட்ரூ ஸ்மித், டிஜான்டே மர்ரே, லில்லார்ட், டேட்டம், ஹாலிபர்ட்டன். இதுல மூணு பேர் இந்தியானா. மேட்ச் அதிகம், வேகம் அதிகம், சின்ன வயசுலேர்ந்தே வருஷம் பூரா ஒரே விளையாட்டு, இப்படி ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. எனக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கும்னு படுது. ஒண்ணை மட்டும் புடிச்சுக்கிட்டு அடிச்சுப் பேசுறவங்களை நம்பாதீங்க.


திருச்சி டங்க், 18 ஆகஸ்ட்

லில்லார்ட், டேட்டம், ஹாலிபர்ட்டன் மூணு பேரும் ஜெர்சி நம்பர் 0. நான் ஒண்ணும் சொல்லல. நம்பரை மாத்திக்குங்கடான்னு மட்டும் சொல்றேன்.


பழைய லேக்கர் (சிங்கப்பூர்), 19 ஆகஸ்ட்

நீங்கள் எல்லாரும் 2018-இலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். இந்தப் பஞ்சம் புதிதில்லை. 1969-இல் பாஸ்டன் அடுத்தடுத்து ஜெயித்த பிறகு 19 வருஷம் ஒருவராலும் முடியவில்லை. 1987-இல் லேக்கர்ஸ் ஜெயித்த கையோடு, ஊர்வலத்தில் மைக்கைப் பிடித்து, அடுத்த வருஷமும் நாங்கள்தான் என்று கோச் பாட் ரைலி உத்தரவாதம் கொடுத்தார். ஆட்டக்காரர்களின் முகம் போன போக்கு!

1988-இல் யூட்டாவோடு ஏழு மேட்ச், டாலஸோடு ஏழு, டெட்ராய்ட்டோடு ஏழு. ஃபைனல்ஸில் 3-2 என்று டெட்ராய்ட் முன்னிலை. ஆறாவது மேட்சில் டெட்ராய்ட்டின் ஐசயா தாமஸுக்குக் கணுக்கால் மடங்கியது. நொண்டிக்கொண்டே மூன்றாவது குவார்ட்டரில் மட்டும் 25 பாயிண்ட் அடித்தார். அப்படியும் ஒரு பாயிண்டில் தோற்றார்கள். ஏழாவதில் அந்தக் காலோடு அவரால் ஓட முடியவில்லை, மூன்று பாயிண்டில் லேக்கர்ஸ். கேசட் தேயத் தேயப் பார்த்தவன் சொல்கிறேன், அந்தக் கணுக்கால் மடங்காமல் இருந்திருந்தால் ரைலியின் உத்தரவாதம் கேலிக்கூத்தாகியிருக்கும்.

கடன் அடுத்த வருஷமே வசூலானது. 1989 பிளேஆஃபில் லேக்கர்ஸ் 11 மேட்ச் ஆடி 11-ம் ஜெயித்து ஃபைனல்ஸுக்கு வந்தார்கள். இடையில் நிறைய ஓய்வு நாள். ரைலி சும்மா இருக்க மாட்டாமல் சாண்டா பார்பராவுக்குக் கூட்டிப்போய்க் கடுமையான பயிற்சி கொடுத்தார். முதல் மேட்சுக்கு முன்பே பைரன் ஸ்காட்டுக்கு ஹாம்ஸ்ட்ரிங். இரண்டாவது மேட்சில் மேஜிக் ஜான்சனுக்கு ஹாம்ஸ்ட்ரிங். டெட்ராய்ட் 4-0. லேக்கர்ஸின் கரீமுக்கு அதுதான் கடைசி சீரிஸ்.

மூன்றாவது பட்டத்தை டெட்ராய்ட் பறித்ததா, அந்த மைதானப் பயிற்சி பறித்ததா என்று இன்றுவரை பழைய ஆட்கள் சண்டை போடுகிறார்கள். நான் பயிற்சி கட்சி.


பெஞ்ச்_பத்மநாபன், 19 ஆகஸ்ட்

லேக்கர் ஐயா சொன்னதில்தான் என் வாதமே இருக்கிறது. காயம் எல்லோருக்கும் வரும், திரும்ப ஜெயித்தவர்களுக்கும் வந்தது. 1997-98 சிகாகோவுக்கு ஸ்காட்டி பிப்பன் பாத அறுவை சிகிச்சையால் முதல் 35 மேட்ச் இல்லை. முடிவில் 62 வெற்றி, பட்டம். 1995 ஹூஸ்டன் ஆறாம் இடத்திலிருந்து பிளேஆஃபுக்கு வந்தது, சீசன் நடுவில் ஓட்டிஸ் தார்ப்பைக் கொடுத்து கிளைட் டிரெக்ஸ்லரை வாங்கியிருந்தது. 2012-இல் மயாமிக்கு கிறிஸ் பாஷ் வயிற்றுத் தசை. 2010-இல் லேக்கர்ஸில் கோபிக்கு விரல் முறிவு, பைனமுக்குக் கிழிந்த மெனிஸ்கஸ்.

இவர்களிடம் என்ன இருந்தது? ஏழாவது, எட்டாவது ஆள். அதுவும் முதல் பட்டத்துக்குப் பிறகு புதிதாக வந்த ஆள். 2010 ஏழாவது மேட்சில் கோபி 24 எறிந்து 6 போட்டார். அன்று 20 பாயிண்ட் கொடுத்து, கடைசி நிமிஷத்தில் மும்முனையும் போட்டது அந்த வருஷம்தான் சேர்ந்த ரான் ஆர்டெஸ்ட். 2013 ஆறாவது மேட்சில் மயாமியைக் காப்பாற்றிய அந்த மூலை மும்முனை யாருடையது? முந்தின கோடையில் பாஸ்டனிலிருந்து வந்த ரே ஆலன்.

இப்போது டென்வரைப் பாருங்கள். 2023-இல் ஜெயித்தவுடன் புரூஸ் பிரவுன் இந்தியானாவுக்குப் போனார், இரண்டு வருஷத்துக்கு 4.5 கோடி டாலர். டென்வர் நினைத்தாலும் அந்தப் பணத்தைக் கொடுக்க விதி இடம் தரவில்லை. ஜெஃப் கிரீனும் போனார். அடுத்த இரண்டு சீசனும் அந்த இடம் நிரம்பவில்லை. இந்த மே மாதம் ஓக்லஹோமாவுடன் ஏழாவது மேட்சில் ஆரன் கார்டன் கிழிந்த ஹாம்ஸ்ட்ரிங்கோடு இறங்கினார். அவருக்கு மாற்றாக இறக்க ஆள் கிடையாது. அந்தப் பக்கம் டென்வரின் யோக்கிச்சைப் பிடிக்க இரண்டு ஏழடிக்காரர்கள் இருந்தும், கோச் டேக்னால்ட் கரூசோவை அனுப்பினார்! தன்னைவிட அரை அடி உயரமானவரை அவர் முன்னால் நின்று மறித்த விதம் இருக்கிறதே, அந்த சீரிஸையே நான் அதற்காகத்தான் திரும்பப் பார்ப்பேன். 125-93.

தண்டருக்குக் காயமே வரவில்லை என்று நினைத்தால் தவறு. செட் ஹோம்கிரனுக்கு நவம்பரில் இடுப்பெலும்பு முறிவு, பிப்ரவரியில்தான் வந்தார். ஹார்டன்ஸ்டைன் கை முறிந்து சீசன் தொடக்கத்தில் இல்லை. ஜேலன் வில்லியம்ஸ் பிளேஆஃப் முழுக்கக் கிழிந்த மணிக்கட்டோடு ஆடி, ஃபைனல்ஸில் ஒரு மேட்சில் 40 அடித்தார், ஜூலையில் அறுவை சிகிச்சை. இத்தனையோடும் 68 வெற்றி.


மூணுபாயிண்டர், 19 ஆகஸ்ட்

பெஞ்ச் சார், அப்ப நீங்களும் 2026 தண்டர்னுதான் சொல்றீங்க? எதுக்கு என்னோட சண்டை?


பெஞ்ச்_பத்மநாபன், 19 ஆகஸ்ட்

முடிவு ஒன்றுதான், காரணம் வேறு. நீங்கள் சொல்வது ஆரோக்கியம். நான் சொல்வது சம்பளக் கணக்கு. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்டு 2023-இல் வந்த ஒப்பந்தத்தில், டீமின் மொத்தச் சம்பளத்துக்கு இரண்டாவது ஏப்ரன் என்று ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். அதைத் தாண்டினால் டிரேடில் இரண்டு ஆட்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, புது ஆள் எடுக்கத் தரும் மிட்லெவல் தொகையும் கிடையாது. பாஸ்டன் அதனால்தான் டேட்டம் விழுந்த அந்தக் கோடையிலேயே ஹாலிடேயை போர்ட்லாண்டுக்கும் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது. காயம் காலை உடைத்தது, கணக்கு டீமை உடைத்தது.

தண்டரின் ஷே, ஜேலன், ஹோம்கிரன் மூவருக்கும் இந்தக் கோடையில் பெரிய ஒப்பந்தம் போட்டாயிற்று. ஆனால் புதுச் சம்பளம் எதுவும் 2025-26-இல் தொடங்கவில்லை. ஆகவே வரும் சீசனில் அதே பத்துப் பேர், பழைய விலையில். இந்த ஒரு வருஷத்தை விட்டால் பெஞ்சிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள்.


ஸ்கார்பரோ சிவா, 20 ஆகஸ்ட்

பெஞ்ச் அண்ணை, கணக்கெல்லாம் சரி. களைப்பை மறந்திட்டியள். 2015-இலயிருந்து 2019 மட்டும் கோல்டன் ஸ்டேட் பிளேஆஃபில மட்டும் 105 மேட்ச். ஒரு முழு சீசனை விடக் கூட, அதுவும் எல்லாம் ஏப்ரல், மே, ஜூனில. 2019-இல ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் விழுந்தது தற்செயல் எண்டு நான் நம்பேல்லை.

2020-ஐப் பாருங்கோ. கொரோனாக் காலம், ஃபைனல்ஸ் முடிஞ்சது அக்டோபர் 11, அடுத்த சீசன் தொடங்கினது டிசம்பர் 22. லேக்கர்ஸும் மயாமியும் ஃபைனல்ஸ் விளையாடினவை, அடுத்த வருசம் ரெண்டு டீமும் முதல் ரவுண்டிலயே வெளியில. தண்டர் இந்த முறை ரெண்டு ஏழு மேட்ச் சீரிஸ், பிளேஆஃபில 23 மேட்ச். சின்னப் பொடியள் எண்டாலும் கால் கால்தானே.

எங்கட ஆக்கள் 2019-இல கவாயை 60 மேட்ச்தான் விளையாட விட்டவை. அந்த நேரம் டிக்கெட் வாங்கின சனம் முழுக்கத் திட்டினது, நானும் திட்டினனான். ஜூனில ஒருத்தரும் திட்டேல்லை.


கோவை லெஃப்டி, 20 ஆகஸ்ட்

இப்பத்தான் 65 மேட்ச் விதி வந்திருச்சுங்களே. அதுக்குக் கீழ ஆடுனா எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்), ஆல் என்பிஏ (சிறந்தவங்க பட்டியல்) எதுவும் கிடையாது. ஆல் என்பிஏ வந்தாத்தான் பெரிய சம்பளத்துக்குத் தகுதிங்கற மாதிரி சில ஒப்பந்தத்துல இருக்குது. ஒரு பையன் லேசா வலிக்குதுன்னா சொல்லுவானா, மறைப்பானா? டிவி கம்பெனிக்காகப் போட்ட விதின்னுதான் நான் சொல்லுவேன்.


பிசியோ_மதி, 20 ஆகஸ்ட்

லெஃப்டி சொல்றது நியாயம், மறைக்கிறது எல்லா லெவல்லயும் இருக்கு. காலேஜ் பசங்களே ஜோனல் மேட்ச் முடியுற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஆனா ஓய்வு கொடுத்தா காயம் வராதுங்கிறதும் அவ்வளவு நேரா நிரூபணம் ஆகலை. ரொம்ப நாள் உட்கார்ந்துட்டுத் திடீர்னு முழு வேகத்துல ஆடுனா அதுவும் ஆபத்துதான். லேக்கர் ஐயா சொன்ன சாண்டா பார்பரா கதை எனக்குப் புதுசு. அங்க ஓய்வும் இருந்துச்சு, நடுவுல திடீர் கடும் பயிற்சியும் இருந்துச்சு. எதைக் குத்தம் சொல்றது?


பழைய லேக்கர், 20 ஆகஸ்ட்

ரைலியை. எப்போதும் ரைலியை.


திருச்சி டங்க், 20 ஆகஸ்ட்

கேட்கணும்னு இருந்தேன். ஹாலிபர்ட்டன் விழலைன்னா இந்தியானா ஜெயிச்சிருக்குமா? உண்மையைச் சொல்லுங்க.


மூணுபாயிண்டர், 20 ஆகஸ்ட்

அவர் இல்லாமலேயே ஹாஃப் டைம்ல 48-47ன்னு இந்தியானாதான் முன்னாடி. மூணாவது குவார்ட்டர் 34-20 போச்சு, அங்கதான் முடிஞ்சுது. பந்தை நடத்த ஆள் இல்லாம தடுமாறுனது அப்பட்டமாத் தெரிஞ்சுது. அவர் இருந்திருந்தா கடைசி நிமிஷம் வரைக்கும் போயிருக்கும், அந்தப் பிளேஆஃப்ல கடைசி நிமிஷம்னா அது ஹாலிபர்ட்டன் ஏரியா. நான் தண்டர் ஆளு, இருந்தாலும் சொல்றேன்: 50-50.


ஸ்கார்பரோ சிவா, 20 ஆகஸ்ட்

அப்ப உங்கட கப்புக்கும் நட்சத்திரக் குறி போடட்டோ? :)


மூணுபாயிண்டர், 20 ஆகஸ்ட்

அண்ணா, இதுக்குத்தான் காத்திருந்தீங்களா!


கோவை லெஃப்டி, 23 செப்டம்பர்

செய்தி பாத்தீங்களா? ஹூஸ்டன் ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு ஏசிஎல். சீசன் தொடங்கவே இல்லை, பஹாமாஸ்ல டீமா போய்ப் பயிற்சி பண்ணும்போது. சாண்டா பார்பராவை நினைச்சுக்கிட்டேன்.


ஸ்கார்பரோ சிவா, 23 செப்டம்பர்

காலமை ஃபோனில பாத்திட்டு அப்பிடியே இருந்திட்டன். 2019 ஆறாவது மேட்ச், கடைசிக் குவார்ட்டரில அந்தாள் அடிச்ச 12 பாயிண்ட் இல்லாட்டி எங்களுக்கு ஏது கப்? டீமுகள் புதுப் பொடியளைத் தெரிவுசெய்யிற டிராஃப்டில ஒருத்தரும் எடுக்காத பொடியன். ஹூஸ்டன் எண்டாலும் எங்கட பிள்ளைதான்.


பெஞ்ச்_பத்மநாபன், 23 செப்டம்பர்

வருத்தம்தான். மேற்குப் பிரிவில் தண்டரை உரசக்கூடிய டீம் என்று நான் எழுதி வைத்திருந்தது ஹூஸ்டனை. டுராண்டை வாங்க ஜேலன் கிரீனையும் டில்லன் புரூக்ஸையும் கொடுத்தாயிற்று, இப்போது பந்தை மேலே கொண்டுவரும் ஆளும் இல்லை. ரீட் ஷெப்பர்டா, அமென் தாம்சனா? தாம்சன் கையில் கொடுத்தால் தடுப்பு குறையாது, ஆனால் வெளியிலிருந்து எறிய ஆள் குறையும்.


மூணுபாயிண்டர், 23 செப்டம்பர்

ஷெப்பர்டுக்குத்தான் கொடுப்பாங்கன்னு தோணுது. தாம்சனை ஷே மேல விடணும்ல. எப்படியும் அக்டோபர் 22 காலைல அஞ்சு மணிக்கு எழுந்து பாத்துடலாம். சிவா அண்ணா, உங்களுக்கு ராத்திரி ஏழரை, சாப்பிட்டுட்டே பாக்கலாம், கொடுத்து வெச்சவங்க.


பழைய லேக்கர், 23 செப்டம்பர்

எனக்குக் காலை ஏழரை, ஆபீஸ் போகும் எம்ஆர்டி ரயிலில். யாரும் ஸ்கோரைப் போட்டுக் கெடுக்காதீர்கள்.